நாமம் போட்ட வைப்பர்

தன் கையே தனக்கு உதவி என்பதில்தான் மனித குலத்தின் மேன்மை இருக்கிறது என்று முழங்கினார் வீரராகவன். அவர் கையில் காருக்கு வாங்கிய புது வைப்பர் பிளேடுகள் இருந்தன. மாட்டத்தான் தெரியாது.

“ஏன்னா, மெக்கானிக் வரட்டும். மழை இருட்டிண்டு வரது. பையனுக்குப் பொண்ணு கொடுக்கப் போறவர் ரேணிகுண்டா ஸ்டேஷன்ல காத்துண்டிருப்பார்,” என்றாள் மனைவி கமலவல்லி.

“ரெண்டு குச்சி மாட்ட மெக்கானிக்கா?”

“ஒண்ணு நெட்டை, ஒண்ணு குட்டை. எது எந்தப் பக்கம்?”

“வலது, இடதெல்லாம் செருப்புக்குத்தாண்டி.”

பெண் கொடுத்தால் தென்கலைக்குத்தான் என்பவர் அந்தச் சம்பந்தி. அவர் கண்ணில் படவேண்டும் என்றே, காரின் முன்கண்ணாடியில் வெளிப்பக்கமாக, பாதம் வைத்த தென்கலை நாமத்தைப் பளிச்சென்று குழைத்து இட்டிருந்தார் வீரராகவன்.

ஸ்டேஷன் வாசலில் சம்பந்தி நாமத்தைப் பார்த்துக் கைகூப்பியபோது தூறல் விழுந்தது. வீரராகவன் பெருமையோடு வைப்பரைப் போட்டார். பக்கம் மாறிய குட்டை பிளேடு மேலே எட்டாமல், நாமத்தின் பாதத்தை மட்டும் வழித்துக்கொண்டு போனது.

“இதென்ன ஓய், பாதம் இல்லாம வடகலை நாமமா இருக்கு?” என்றார் சம்பந்தி.

“வைப்பர் கோளாறு,” என்றார் வீரராகவன்.

வைப்பர் சொன்னது சரிதான். வீரராகவன் குடும்பம் வடகலை.