நான்கு நிமிட மௌனம்

விண்கல விமானியின் அம்மா என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, ஆன்டெனாவைக் கையில் வாங்கிப் பார்த்தார். அவர் மகளோடு எரிந்துபோனது இதன் ஜோடி.

உள்ளங்கை அகலம், பிஸ்கட் கனம். இதற்காகப் பத்து வருடம் மாரடித்தேன் என்றால் யாருக்கும் சிரிப்புதான் வரும். அவர் மகள் என் முகத்துக்கு நேராகவே சிரிப்பாள். பிஸ்கட் வெந்ததா என்று தினமும் வந்து நிற்பாள்.

விண்கலம் பூமிக்குத் திரும்பும்போது காற்றில் உரசித் தீப்பிழம்பாகும். அந்த நான்கு நிமிடம், உள்ளே இருப்பவர் பேசுவது எதுவும் தரைக்கு வராது. அந்த மௌனத்தைத் துளைக்கத்தான் இதைச் செய்தேன். முதல் சோதனை என்பதால், ஒலி என் ஹெட்போனுக்கு மட்டும் வரும்படி வைத்திருந்தோம்.

கலம் அந்த நான்கு நிமிடத்துக்குள்தான் சிதறியது.

அம்மா நிமிர்ந்தார். அழுது தீர்த்த குரல்.

"ஒரு நொடியில முடிஞ்சிருக்கும், அவளுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காதுன்னு சொல்றாங்க. நீ சொல்லுப்பா. அவ ஏதாவது பேசினாளா?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். காலையிலிருந்து பதிலைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இல்லம்மா. இது வேலை செய்யல. எதுவுமே கேக்கல."

அவர் முகம் சற்றே தளர்ந்தது. பிறகு கோபம் வந்தது. வரட்டும் என்றுதான் இருந்தேன். பத்து வருடமாக என்னத்தைக் கிழித்தாய் என்று கேட்டார்.

ஆன்டெனாவை மேசையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

கதவைச் சாத்தினேன்.

ஆன்டெனா வேலை செய்தது. மூன்று நிமிடம் நாற்பது நொடி, ஒரு மூச்சுகூட விட்டுப்போகாமல் வேலை செய்தது.

கலத்தில் ஏதோ சரியில்லை என்று முதல் நிமிடத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. சொன்னாள். அதன்பின் கடைசிவரை ஒன்றையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, கேக்குதா?"

அங்கிருந்து இங்கே வர மட்டுமே வழி வைத்திருந்தேன். பதில் போகும் பாதியை, எடை கூடுகிறதென்று, அடுத்த கலத்துக்குத் தள்ளிவைத்தவன் நான்தான்.