ரேடியோ கிளீனர்

"வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்க? முன்னால என்ன வருதுன்னு சொல்லுடா!"

டிரைவர் மாசானம் போட்ட அதட்டலில் இஞ்சின் சத்தமே அமுங்கிப் போனது.

"ஜீப்பு வருதுண்ணே. எடத்தாங்கைப் பக்கம் ஒதுங்குங்க. இன்னும் கொஞ்சம்... போதும், போதும்" என்றான் கிளீனர் கன்னையன், கடுகடுப்பாக.

போடியிலிருந்து போடிமெட்டுக்கு அரிசி மூட்டைகளோடு லாரி மலை ஏறிக்கொண்டிருந்தது. எட்டு மாதமாக இதே கதைதான். எதிரே ஒரு மாடு வந்தாலும் கன்னையன் சொல்ல வேண்டும். ரோட்டில் மண் சரிந்து கிடந்தால் சொல்ல வேண்டும். வளைவு வருகிறது, வளைவு முடிகிறது என்று தொண்டை வற்றக் கத்த வேண்டும். லாரி செட்டில் அவனுக்கு 'ரேடியோ' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "என்ன ரேடியோ, இன்னைக்கு என்ன சேதி?" என்று மூட்டை தூக்குகிறவன்கூடக் கேட்பான். மெக்கானிக் சீனிச்சாமியிடம் கியர் போடுவதைப் பற்றி ஒருநாள் கேட்டதற்கு, "ஒன் டிரைவர்கிட்டப் போய்க் கேளு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். சிரிப்பதற்கு அத்தனை பேர். சொல்லிக்கொடுக்கத்தான் ஒருவரும் இல்லை.

சிலமலை கிராமத்தில் கூலிக்குக் காட்டு வேலை பார்த்தவன், டிரைவர் தொழில் பழகிப் பிழைத்துக்கொள்ளலாம் என்றுதான் இங்கே வந்தான். இன்றுவரை ஸ்டீரிங்கைத் துடைத்திருக்கிறானே தவிர, பிடித்ததில்லை.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டான். இன்று காலை நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. முதலாளி இரண்டாவது லாரி வாங்கியிருந்தார். "நம்ம கன்னையனுக்கு லைசென்சு எடுத்து, அதுல ஏத்தி விட்ருவமா மாசானம்?" என்று கேட்டார். மாசானம் ஒரு வார்த்தை சரி என்றிருந்தால் போதும்.

"இவனா? இவனுக்கு இன்னும் பத்து வருசம் ஆகும் மொதலாளி. என்கூடவே கெடக்கட்டும்."

செட்டே சிரித்தது. மனைவி ராக்குவிடம் போய் என்ன சொல்வது என்றுதான் கன்னையன் நினைத்தான். அவள் நிறைமாதக்காரி. பிள்ளை பிறப்பதற்குள் புருசன் டிரைவராகிவிடுவான் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள்.

"அண்ணே" என்றான் மெதுவாக. "நான் என்ன தப்பு செஞ்சேன்? மொதலாளிகிட்ட ஏன் அப்படிச் சொன்னீக?"

"ரோட்டப் பாருடா."

"எட்டு மாசமா ரோட்டத்தான் பாக்குறேன். ஒருநாளாச்சும் வண்டியத் தொட விட்டீகளா? பொழுது சாயுற நேரத்துல ஒரு மைலு நான் எடுக்குறேன்னு கேட்டா, முனி நடமாட்டம்னு வண்டியவே ஓரங்கட்டிப்புடுறீக."

"வாய மூடுடா!"

சரி, மூடிக்கொள்கிறேன் என்று கன்னையன் வீம்புக்கு மூடிக்கொண்டான்.

அடுத்த வளைவு வந்தது. அவன் சொல்லவில்லை. லாரி திரும்பவும் இல்லை. நேராக ஓரக்கல்லைப் பார்த்துப் போனது. அதற்கு அந்தப் பக்கம் பள்ளம்.

"ஒடிங்கண்ணே! சோத்தாங்கைப் பக்கம் ஒடிங்க!"

முன்சக்கரம் கல்லில் முட்டி நின்றது. கல் ஒன்று பெயர்ந்து உருண்டது. அது கீழே போய் விழுந்த சத்தம் வெகுநேரம் கழித்துத்தான் கேட்டது. கன்னையன் குதித்து ஓடிப் பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தான். மாசானத்தின் காக்கிச் சட்டை வேர்வையில் நனைந்திருந்தது.

"கொல்லப் பாத்தியேடா பாவி!"

"நல்லாருக்கே! ஓட்டுறது நீங்க, கொல்லப் பாத்தது நானா?"

"ஏன்டா பேசாம வந்த?"

"நீங்கதான வாய மூடச் சொன்னீக?"

மாசானம் இஞ்சினை மறுபடி கிளப்பினார். கோபத்தில் கண்மண் தெரியாமல் ஓட்டிவிட்டுப் பழியை மட்டும் கிளீனர் தலையில் கட்டுகிறாரே என்று கன்னையனுக்கு ஆத்திரமாக வந்தது. இந்த ஆளிடம் இருந்தால் தொழிலும் வராது, உயிரும் மிஞ்சாது. மேலே போனதும் சொல்லிவிட்டு விலகிவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தான். ஆனாலும் மிச்சமிருந்த வளைவுகளுக்கெல்லாம், உயிர் பயத்தில், என்றைக்கும் இல்லாத சத்தத்தில் கத்திக்கொண்டே வந்தான்.

போடிமெட்டில் அரிசி இறங்கியது. ஏலக்காய் மூட்டைகள் ஏறின. நல்ல உச்சி வெயில், மூடுபனி கொஞ்சமும் இல்லை. எஸ்டேட்டில் வேலை பார்க்கும் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர், கைப்பிள்ளைகளோடு ஊருக்கு இறங்குவதற்காக மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்கள்.

கன்னையன் தன் துணிப்பையை எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனான். "கீழ போற ஜீப்பு எப்ப வரும் அத்தே?" என்று கடைக்கார அய்யம்மாளிடம் கேட்டான்.

"வர்ற நேரந்தான். ஏன், ஒங்க வண்டிக்கு என்ன?"

"வண்டிக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான் இந்தச் சோலி வேணாம்."

அய்யம்மாள் வேறு ஆளைக் கவனிக்கப் போய்விட்டாள். சொல்லாமல் ஓடுவது மரியாதையில்லை என்று கன்னையன் கடைவாசலுக்கு வந்தான். அதற்குள் மாசானமே லாரியிலிருந்து இறங்கி அவனை நோக்கி வந்துகொண்டிருந்தார். அவனுக்கு இரண்டடி தூரத்தில் வந்து நின்றார். பையும் கையுமாக நிற்பதைப் பார்த்துவிட்டார், இனி ஊர் பார்க்க வசவு விழப்போகிறது என்று கன்னையன் பயந்தான். வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்பதை எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தான்.

மாசானம் அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, இந்த எட்டு மாதத்தில் ஒருநாளும் இல்லாத பணிவோடு கேட்டார்:

"அண்ணே, நம்ம கிளீனர் கன்னையன் இந்தப் பக்கம் வந்தானா, பாத்தீகளா?"