மேகத்தில் ஒரு சைக்கிள்

ஷமா மேடத்துகிட்ட அவங்க வரைஞ்ச படத்துல ஒரு கோட்டை மாத்தச் சொல்லிப் பாருங்க, தெரியும் சேதி. "ஆட்டுக்கு எதுக்கு மேடம் நீலக் கலரு?"ன்னு போன வருசம் கேட்டதுக்கு ஒரு வாரம் எங்கூடப் பேசலை. குழந்தைகளுக்குக் கதை எழுதி, படமும் தானே வரையிறவங்க. நான் அவங்க பதிப்பாளர். பொறுத்துக்கிட்டுத்தான் ஆகணும்.

அப்பேர்ப்பட்டவங்க, அன்னைக்கு ஒரு பூக்காரம்மா சொல்லச் சொல்ல அழிச்சு அழிச்சு வரைஞ்சுகிட்டிருந்தாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

அஞ்சு மணிக்குள்ள கடைசிப் பக்கம் சிவகாசி அச்சகத்துக்குப் போகலைன்னா, புத்தகத் திருவிழாவுக்குப் புத்தகம் வராது. மணி நாலாச்சு.

பேகம்பூர் வீட்டு மாடியில, மேடம் மடியில படம் வரையிற டேப்லெட். அதுல அய்யலூர் சந்தை ஆடெல்லாம் கயித்தோட மேகத்துல ஏறிப் போகுது. பாத்துக்கிட்டே இருந்தா நம்ம காலும் லேசாத் தரையை விட்டு எழும்புற மாதிரி இருந்துச்சு. மேகத்து ஓரத்துல ஒரு பொண்ணு நடந்து போறா.

"பாவாடை வேணாம்க்கா. சுடிதார் யூனிபார்ம் போடுங்க," ன்னுச்சு கௌசல்யா. அதான் அந்தப் பூக்காரம்மா, ரெட்டியார்சத்திரத்துக்காரங்க.

மேடம் அழிச்சாங்க.

"எங்க தமிழ்மதிக்கு இந்த உயரம் பத்தாதுக்கா."

மறுபடியும் அழிச்சாங்க.

"சைக்கிளும் வேணும்க்கா. கூடப் படிச்ச புள்ளைகளுக்கெல்லாம் இந்த வருசம் கவர்மெண்ட் சைக்கிள் குடுத்துட்டாங்க."

"மேகத்துல எப்படிம்மா சைக்கிள் போகும்?"ன்னு கேட்டேன் நான்.

"ஆடு போகுதுல்ல," ன்னாங்க மேடம், தலையைத் தூக்காம.

எனக்குப் பொறுக்கலை. "மேடம், ஒம்பது புத்தகமா ஓரத்துல இதே பொண்ணு. மொதப் புத்தகத்துல ரெட்டைச் சடை போட்ட வாண்டு, அழகா இருந்துச்சு. இப்ப பதினொண்ணாவது படிக்கிற வயசுப் புள்ளை. அஞ்சு வயசுக் குழந்தைங்க பாக்குற படத்துல இது எதுக்கு? எடுத்துருவோம்."

கௌசல்யா முகம் செத்துப் போச்சு.

"அவ இல்லைன்னா புத்தகமே வேணாம் பழனிக்குமார்," ன்னாங்க மேடம்.

இந்தப் பூக்காரம்மா, பெத்த மகளைப் புத்தகத்துல போட வச்சு ஊர்ல பெருமையடிச்சுக்கப் பாக்குதாக்கும்னு நினைச்சேன். வாயும் சும்மா இருக்கலை.

"ஏம்மா, மகளையே ஒரு நாள் கூட்டிட்டு வந்து முன்னாடி ஒக்கார வச்சிருக்கலாம்ல? மேடம் பாத்து ஒரே தடவையில வரைஞ்சிருப்பாங்க. இம்புட்டு நேரம் இழுக்கணுமா?"

மேடம் கை அப்படியே நின்னுருச்சு. கௌசல்யா எம்மேல கோவப்படலை. சைக்கிள்ல ஏறி ஒக்காந்திருந்த பொண்ணையே பாத்துக்கிட்டிருந்துச்சு.

"ரெண்டாவது படிக்கையில காய்ச்சல்ல போயிட்டா சார். அப்புறம் அவ வளர்றதெல்லாம் அக்கா புத்தகத்துலதான்."