மாடியில் குடியிருக்கிற டாக்டர்

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று டாக்டர்கள். இந்தப் பக்கம் ஒரு டாக்டர், கைகட்டிக்கொண்டு.

டாக்டர் தப்பு செய்தால் டாக்டர்களேதான் விசாரிப்பார்களாம். மாமியார் கொடுமைக்கு மாமியார்களிடமே பிராது கொடுத்த மாதிரி இருந்தது பஞ்சவர்ணத்துக்கு.

பிராது அவளுடையதுதான். போன வருஷம் அரியலூரில் சிவசுப்பிரமணியன் டாக்டரின் நர்சிங் ஹோமில் அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். எடுத்த கையோடு ஒரு துணியை உள்ளேயே வைத்துத் தைத்துவிட்டார்கள். சீழும் காய்ச்சலுமாகக் கிடந்து, திருச்சியில் மறுபடி வயிற்றைத் திறந்த பிறகுதான் பிழைத்தாள்.

போர்டில் இருந்தது சிவசுப்பிரமணியன் பேர். மருந்துச் சீட்டிலும் அதே பேர். அதனால் பிராதிலும் அதையே எழுதச் சொன்னாள்.

விசாரணைக்காக மூன்று பேரும் சென்னையிலிருந்து பெரம்பலூர் வரை வந்திருந்தார்கள். நடுவில் இருந்த தலைவர் கேட்டார்.

“உங்களுக்கு ஆபரேஷன் பண்ணது இவர்தானாம்மா?”

சிவசுப்பிரமணியன் தரையைப் பார்த்தார். ஆமென்று அவள் சொல்லிவிட்டால் இனி அவர் ஊசிகூடப் போட முடியாது. ஆனாலும் மனுஷன் வாயைத் திறக்கவில்லை.

ஆபரேஷன் அன்று முதுகில் போட்ட ஊசியில் அவளுக்கு இடுப்புக்குக் கீழேதான் மரத்திருந்தது. காது நன்றாகவே கேட்டது. காதில் விழுந்ததுதான் இன்றுவரை மண்டையைக் குடைகிறது. கோபத்தைவிட அந்தக் குடைச்சல்தான் அவளை இங்கே இழுத்து வந்தது.

“ரயிலுக்கு நேரமாயிடுச்சு சார்னு நர்சம்மா அவசரப்படுத்துச்சுங்க. ஆஸ்பத்திரி மாடியிலயே குடியிருக்கிற டாக்டருக்கு எதுக்குங்க ரயிலு?”

தலைவர் பேனாவைக் கீழே வைத்தார்.

சிவசுப்பிரமணியன் அப்போதுதான் நிமிர்ந்தார். அவர் பார்வை அவளிடம் வரவில்லை. மேசையின் ஓரத்துக்குப் போனது. அவளும் அங்கே பார்த்தாள்.

மூன்றாவது டாக்டர். காலையிலிருந்து ஒரு வார்த்தையும் பேசாதவர். கர்ச்சீப்பால் முகத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மூக்கும் வாயும் துணிக்குள். வெளியே கண்கள் மட்டும்.

பஞ்சவர்ணத்துக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. பச்சைத் துணிக்கு மேலே அன்று அவளைக் குனிந்து பார்த்த அதே கண்கள்.

தலைவர் அவர் பக்கம் திரும்பினார். “நீங்க ஏதாவது கேக்கணுமா டாக்டர்?”

கர்ச்சீப்பை எடுக்காமலே, இல்லையென்று தலையசைத்தார் அவர்.

“நான் ஒண்ணு கேக்கணும்ங்க” என்று பஞ்சவர்ணம் எழுந்து நின்றாள்.