எந்திரிக்கக் கூடாது

"தொர உள்ள வந்தா எந்திரிக்கக் கூடாது. எந்திரிச்சீங்கன்னா பாதி கேஸ் போச்சு," என்றார் சட்டத்தரணி ஜசிந்தா. கண்டி தொழில் அலுவலகத்தில் அன்று தேயிலைத் தோட்டத் தொழிலாளி அங்கம்மாவின் வேலைநீக்க விசாரணை.

அங்கம்மா கதிரை நுனியில் தவித்தாள். "நீங்க டவுன்ல பொறந்தவுங்க. தொரயப் பாத்தா எங்க காலு தானா எந்திரிச்சிரும்மா."

"அதெல்லாம் வெறும் பழக்கம். மனசு வச்சா மாத்திக்கலாம்."

"சரிங்கம்மா." கதிரையின் இரண்டு கைகளையும் அவள் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. அவளை வேலையிலிருந்து நிறுத்திய தோட்டத் துரை உள்ளே வந்தார். அங்கம்மா அசையவில்லை.

பக்கத்தில் ஒரு கதிரை பின்னால் நகர்ந்தது. சட்டத்தரணி கைகட்டி எழுந்து நின்றார்.

அங்கம்மா அவர் முந்தானையை மெல்ல இழுத்தாள்.

"எந்தத் தோட்டத்து லயத்து வீட்டுல பொறந்த, தாயி? மொதல்ல உக்காரு."