ஆலோசனை அறையில் கணக்காளர்

குடும்பக் கட்டுப்பாட்டு மருத்துவமனையின் ஆலோசனை அறையில், ஜன்னல் வெயில் எட்டாத மூலையில் கணக்காளர் உட்கார்ந்திருக்கிறார். ஒவ்வொரு சேவைக்கும் என்ன செலவாகிறது என்று கணக்கிட வந்தவர். நர்ஸ் பேசும் நேரமும் செலவுதான் என்பதால் கையில் ஸ்டாப்வாட்ச். மேசைக்கு எதிரே ஒரு பெண்; மடியிலிருக்கும் கைக்குழந்தை தன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருக்கிறது. நர்ஸ் கருத்தடை மாத்திரை அட்டையை அவள் பக்கம் நகர்த்துகிறார். “வேற ஏதாவது கேக்கணுமாம்மா?” அவள் குரலைத் தாழ்த்திக்கொள்கிறாள். “வீட்ல அவருக்குத் தெரிஞ்சா, சிஸ்டர்...” மூலையில் நாற்காலி கிறீச்சிடுகிறது. அவள் திரும்பிப் பார்க்கிறாள். “இவரு யாரு?” “செலவுக் கணக்கு எடுக்க வந்தவரும்மா. நீ சொல்லு, அவரு ஒண்ணும் கண்டுக்க மாட்டாரு.” வாய் வரை வந்ததை அவள் விழுங்கிவிடுகிறாள். “ஒண்ணுமில்ல சிஸ்டர்.” அட்டையைத் தொடாமல், குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறாள். நர்ஸுக்குக் கோபம்கூட வரவில்லை. “போன தடவ வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டா சார். இன்னைக்குத்தான் உள்ள வந்தா.” கணக்காளர் எழுந்து, அட்டையை எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடுகிறார். நெரிசலுக்கு நடுவே அவள் பேருந்தில் ஏறிக்கொண்டிருக்கிறாள். கூப்பிட வாயெடுத்த பிறகுதான் கையில் இருப்பது என்னவென்று அவருக்கு உறைக்கிறது. அத்தனை பேர் பார்க்க அதை எப்படி நீட்டுவது? ஜன்னலோரம் உட்கார்ந்தவள் அவரைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவர் அட்டையைச் சட்டைப்பைக்குள் மறைத்துக்கொள்கிறார். பேருந்து நகர்கிறது.