ஈர மண்

கல்லறைத் திருநாளின் சாயங்கால வெயில் வேப்பமரத்தின் உச்சியில் மட்டும் மிச்சமிருக்கிறது. மரத்துக்கு இருபுறமும் ஒரே அளவில் இரண்டு சின்ன மேடுகள். நட்ட மரச்சிலுவைகளைக் கரையான் தின்றுவிட்டது. கிழக்கு மேட்டுக்குச் சுண்ணாம்பு பூசிவிட்டு, கம்பைநல்லூர்ச் சந்தையில் வாங்கிய செண்டுப்பூவை உதிர்த்துப் போடுகிறாள் வியாகுலம். மெழுகுவர்த்தியோடு நிற்கும் புருஷன் சவரிராயன் தயங்கித்தான் சொல்கிறான்: "புள்ள மேக்கால இருக்குது." அவள் நிமிரவில்லை. "நாந்தானுங்களே மூணு கை மண்ணள்ளிப் போட்டேன். ஈர மண்ணு, நகத்துலகூட ஒட்டிக்கிச்சு." அவன் குரல் இறங்குகிறது. "நீ அன்னிக்கு வரவே இல்ல வியாகுலம். உனக்கும் அம்மை போட்டு, நெனவில்லாம வூட்டுல கெடந்த." பக்கத்துக் கல்லறையில் யாரோ செபமாலை முணுமுணுக்கிறார்கள். அம்மைத் தழும்பேறிய தன் கையை அவள் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்க்கிறாள். "அப்ப மண்ணு ஈரமா இல்லீங்களா?" சித்திரை வெயிலில் கடப்பாரை இறங்காமல் பொறி பறந்த மண் அது. அவன் கை இன்னும் மறக்கவில்லை. குனிந்து, மெழுகுவர்த்தியைக் கிழக்கு மேட்டிலேயே ஊன்றுகிறான். "ஈரமாத்தான் இருந்திச்சு" என்கிறான்.